தூறலின் ஒரே வாசகி

தாண்டவராயன் பல் துலக்கி முடிப்பதற்குள், அவர் காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் இருந்த முன்வாசிப்பி இரண்டு நாவல்களைப் படித்து, ஒரு நாட்டிய நாடகத்தைப் பார்த்து, அதில் நெகிழ வேண்டிய இடத்தில் நெகிழ்ந்து, சம்பந்தப்பட்ட மூவருக்கும் பாராட்டு அனுப்பிவிட்டது. அவர் வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தபோது காதுக்குள் செய்தி சொன்னது.

"மூன்றுமே அபாரம் என்று சொல்லியிருக்கிறீர்கள். நாட்டியக்காரர் பதிலுக்கு உங்கள் காவியத்தை மெச்சியிருக்கிறார்."

"என்ன சொன்னார்?"

"அபாரம் என்றார்."

தாண்டவராயன் திருப்தியோடு முகத்தைத் துடைத்துக்கொண்டார். காலையில் நாலு நல்ல வார்த்தை காதில் விழுந்தால் அன்றைக்கு முழுவதும் உடம்பு தெம்பாக இருக்கும்.

செந்தரையில் எல்லார் வீட்டிலும் பொழுது இப்படித்தான் விடிந்தது. செவ்வாய்க் கோளில் ஒரு பெரிய பள்ளத்தாக்கின் மேல் கண்ணாடிக் குமிழைக் கவிழ்த்துக் கட்டிய ஊர் அது. சுரங்கம் தோண்டுவது, பயிர் வளர்ப்பது, சமைப்பது, சமைத்த பாத்திரத்தைக் கழுவுவது என்று அத்தனை வேலையையும் இயந்திரங்கள் பார்த்துக்கொண்டன. வேலை இல்லாத மனிதர்கள் ஒருவரையொருவர் கடித்துக் குதறிவிடுவார்கள் என்று பயந்த முன்னோர்கள், "கலையை வளருங்கள்" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடினார்கள். கலையும் வளர்ந்தது. கவிஞர் இல்லாத வீடு இல்லை என்ற நிலை போய், கவிஞர் மட்டுமே இருக்கும் வீடுகள் பெருகின. அரங்கங்களில் மேடை நிரம்பி வழிந்தது. கீழே உட்காரத்தான் ஆள் இல்லை.

அந்தக் குறையைத் தீர்க்க வந்ததுதான் முன்வாசிப்பி. அரிசி அளவுக் கருவி. உரியவரின் சார்பில் அது படிக்கும், பார்க்கும், கேட்கும், ரசிக்கும், ரசித்ததை மறக்காமல் தெரியப்படுத்தும். உரியவர் அந்த நேரத்தில் தன் படைப்பைக் கவனிக்கலாம்.

இத்தனை கலையையும் ஓரிடத்தில் வைத்துக் கொண்டாட ஓர் இணைய இதழ் வேண்டாமா? அதுதான் 'தூறல்'. மழை என்பதைப் பாடத்தில் மட்டுமே பார்த்த ஊரில் அப்படியொரு பெயர். வாரம் ஒரு முறை வெளிவரும். ஊரில் நடந்த ஒரு கச்சேரியை, ஒரு கவிதையை, ஒரு கோலத்தைக்கூட அது விட்டுவைத்ததில்லை. அதன் அகராதியில் 'அபாரம்' என்பதுதான் கடைசிப்படி, அதற்குக் கீழே எதுவும் கிடையாது. ஒரு தடவை துணை ஆசிரியராக இருந்த இயந்திரம் ஒரு வீணைக் கச்சேரியை 'நன்றாக இருந்தது' என்று எழுதிவிட்டது. வீணைக்காரர் குமிழுக்கு வெளியே போய் உயிரை விடப்போவதாகச் சொல்லி, வெளியேறும் வழியான பூட்டறையின் வாசலில் உட்கார்ந்துவிட்டார். அந்த இயந்திரத்தைக் கழற்றிப்போட்டுவிட்டு, வழிமொழி என்ற புதிய இயந்திரத்தை அமர்த்தினார்கள். யார் எதைச் சொன்னாலும் "வழிமொழிகிறேன்" என்பதுதான் அதன் இயல்பு. இதழ் அதன் பிறகு சிக்கலில்லாமல் நடந்தது.

தாண்டவராயன் அதன் ஆசிரியர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, இதழ்தான் குடும்பம் என்று மேடையில் சொல்வார், வீட்டிலும் அதையே நினைத்துக்கொள்வார். செந்தரை உருவான கதையை அவர் காவியமாக எழுதி, தூறலில் ஆண்டுக்கணக்காகத் தொடராக வெளியிட்டுக்கொண்டிருந்தார். ஊரே அதைப் படிக்கிறது என்பதில் அவருக்குச் சந்தேகமே இருந்ததில்லை. வாரம் தவறாமல் ஊரே அபாரம் என்றதே!

அன்றைக்கு இதழ் அலுவலகத்துக்குக் காற்று மன்றத்து அதிகாரி ஆரோக்கியமேரி வந்தாள். குமிழுக்குள் யாருக்கு எவ்வளவு காற்று, எவ்வளவு மின்சாரம் என்று பிரித்துக் கொடுக்கும் மன்றம் அது. ஆரோக்கியமேரி ஊரிலேயே குறைவாகப் பேசுகிறவள், அதனாலேயே பலருக்கு அவளைப் பிடிக்காது.

"வெளில தூசிப்புயல் நிக்கல சார். சூரியத் தகடெல்லாம் மூடிக் கெடக்கு. எழுத்து, பாட்டு எல்லாம் சேத்து வெச்சிருக்கிற நினைவுக்கிடங்க குளிர வெக்கவே கரண்ட் பத்தல. அதனால மனுஷக் கண்ணு படாத எல்லாத்தையும் நிறுத்தி அழிச்சிடச் சொல்லி உத்தரவு."

"நிறுத்த வேண்டியதுதான்" என்றார் தாண்டவராயன். "எத்தனையோ குப்பை இருக்கு. அதுக்கு நான் என்ன செய்யணும்? ஒரு தலையங்கம் எழுதட்டுமா?"

"இல்ல சார். தூறலப் பத்திப் பேசத்தான் வந்தேன்."

அவள் விளக்கினாள். செந்தரையில் எல்லார் கண்ணிலும் பார்வைவில்லை உண்டு. கண் ஒரு வரியின் மேல் உண்மையிலேயே ஓடுகிறதா என்று அளக்கும் பார்வைமானி அதற்குள்ளேயே இருக்கிறது. முன்வாசிப்பி படித்தது அந்தக் கணக்கில் சேராது.

"போன வார இதழ முழுசாப் படிச்ச கண்ணு எத்தனைன்னு பாத்தோம்."

"எத்தனை ஆயிரம்?"

"ஒண்ணு."

"ஒரு ஆயிரமா?"

"ஒண்ணுன்னா ஒண்ணுதான் சார்."

தாண்டவராயன் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "என் கண்ணையும் சேர்த்தா?"

"உங்க கண்ணு எப்படி சார் சேரும்? நீங்க படிக்கலையே."

"வழிமொழிகிறேன்" என்றது மூலையில் இருந்த இயந்திரம்.

ஆரோக்கியமேரிக்கே பாவமாக இருந்திருக்க வேண்டும். அவள் கொஞ்சம் இறங்கிப் பேசினாள். "பயப்படாதீங்க. மன்றத்துல இருக்கறவங்க அத்தனை பேரும் கவிஞர்கள். விதிய ரொம்பத் தாராளமாத்தான் வெச்சிருக்காங்க. ஒவ்வொரு இதழையும் ஒரே ஒரு ஆளு முழுசாப் படிச்சாப் போதும், நிறுத்த மாட்டோம். உங்களுக்குத்தான் ஒரு ஆளு இருக்காங்களே. தெக்குப் பூட்டறையில வேலை பாக்குற பேச்சித்தாய். வாராவாரம் படிக்கிறாங்க. அவங்கள அப்படியே விட்ருங்க சார். படிச்சிக்கிட்டு இருக்கட்டும்."

அவள் போன பிறகு தாண்டவராயனுக்கு முதலில் அவமானம் வந்தது. ஊர் மொத்தமும் தன்னை ஏமாற்றியிருக்கிறது என்று கோபம் வந்தது. தானும் ஊரை அப்படித்தான் ஏமாற்றிக்கொண்டிருந்தோம் என்பது ஏனோ அவருக்குத் தோன்றவில்லை. பிறகு, மெல்ல, வேறொரு நினைப்பு எட்டிப்பார்த்தது. தூறலை முழுசாக ஒருத்தி படிக்கிறாள் என்றால், அவருடைய காவியத்தையும் அவள் படித்திருக்கிறாள்! நிஜமான ஒரு ஜோடிக் கண்! அவர் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் தெற்குப் பூட்டறைக்குக் கிளம்பினார்.

குமிழிலிருந்து வெளியே போகிறவர்களும் வருகிறவர்களும் காற்றழுத்தம் சமனாகும்வரை காத்திருக்கும் இடம் பூட்டறை. மூச்சு விடாத இயந்திரங்களுக்குக் காற்றின் அருமை தெரியாது என்பதால், அங்கே மட்டும் மனிதர்தான் காவல் இருக்க வேண்டும் என்று சட்டம். காவலுக்கு இருக்கிறவர்கள் முன்வாசிப்பி வைத்துக்கொள்ள முடியாது, அழுத்தம் மாறும்போது காது தெறித்துவிடும். பேச்சித்தாய் தடித்த உடம்புக்காரி, கணீர்க் குரல், சுரங்கத் தெருவில் பிறந்தவள். அந்தத் தெருக்காரர்கள் செவ்வாய்க்கு வந்தும் திருநெல்வேலிப் பேச்சை விடவில்லை.

"வாங்க அண்ணாச்சி, உக்காருங்க. காவியம் எழுதுத அண்ணாச்சிதான நீங்க?"

தாண்டவராயன் அப்படியே உட்கார்ந்தார். "படிக்கிறியாம்மா?"

"பின்ன? கதவு தொறக்க முக்கா மணி நேரம் ஆவும். செவத்தப் பாத்துக்கிட்டா இருக்க முடியும்? ஒரு எழுத்து விடாமப் படிக்கேன். எனக்கு ஒண்ணுதான் வெளங்கல. நாட்டியத்தப் பத்தி எழுதுதாரே ஒரு மனுசன், அவருதான உங்க காவியத்துல வில்லன்?"

பேச்சித்தாய் இதழ் மொத்தத்தையும் ஒரே கதை என்று நினைத்துப் படித்துவந்திருக்கிறாள். தாண்டவராயன் அவளைத் திருத்தவில்லை. யோசித்துப் பார்த்தால் அந்த நாட்டிய விமர்சகர் வில்லன்தான்.

"இன்னொண்ணு கேக்கணும் அண்ணாச்சி. மூணாங் காண்டத்துல ராசம்மான்னு ஒருத்தியப் புயல்ல விட்டுட்டு வந்துட்டிய. நாலாங் காண்டத்துல அவ அடுப்படில இட்லி அவிக்கா. அவ எப்படித் திரும்பி வந்தா?"

அவருக்கு ராசம்மாவே நினைவில் இல்லை. அந்தக் காண்டங்களில் பாதியை வழிமொழிதான் நிரப்பியிருந்தது. ஆனாலும் அவர் கண்கள் கலங்கிவிட்டன. இத்தனை ஆண்டுகளில் அவருடைய எழுத்தைப் பற்றி ஒருவர்கூட ஒரு கேள்வி கேட்டதில்லை. அபாரத்துக்குப் பின்னால் கேள்வி வராது.

"யோசிச்சுச் சொல்றேம்மா" என்றார்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. எப்படி வந்தான்னு எனக்குத் தெரியணும்."

இவ்வளவோடு நிறுத்தியிருந்தால் தூறல் இன்றைக்கும் வந்துகொண்டிருக்கும். ஆனால் செந்தரையில் ஒருவரைப் பிடித்துப்போய்விட்டால் அவரைச் சும்மா விட்டுவைக்கும் வழக்கம் இல்லை. பிடித்தவரை மேடையேற்ற வேண்டும், பொன்னாடை போர்த்த வேண்டும், பட்டம் கொடுக்க வேண்டும். பேச்சித்தாயைக் கொண்டாடாமல் விடுவது பெரிய பாவம் என்று தாண்டவராயன் நம்பினார். "வழிமொழிகிறேன்" என்றது வழிமொழி.

விழா நடந்தது. பேசியவர்கள் அனைவரும் மேடையில் இருந்ததால் அரங்கம் காலியாக இருந்தது. வாசிப்பின் மேன்மையைப் பற்றி ஒவ்வொருவரும் உருகி உருகிப் பேசினார்கள். ஒருவர் பேசும்போது மற்றவர்கள் தங்கள் பேச்சைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். 'வாசகப் பேரரசி' என்ற பட்டத்தோடு, எந்த அழுத்தத்தையும் தாங்கும் புது ரக முன்வாசிப்பி ஒன்றையும் பரிசாகக் கொடுத்தார்கள். வாசித்ததற்குப் பரிசாக இனி வாசிக்கவே வேண்டாம் என்று சொல்லும் ஒரு கருவி! அதில் ஏதும் விசித்திரம் இருப்பதாக மேடையில் யாருக்கும் படவில்லை.

பேச்சித்தாய்தான் அதைத் திருப்பிக் கொடுத்தாள். "அது படிச்சா அதுக்குத்தான தெரியும்? எனக்கு என்னத்துக்கு?"

தாண்டவராயனுக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தப் பெருமையில்தான் அவர் அந்தத் தப்பைச் செய்தார். மேடையிலேயே ஒலிவாங்கியைப் பிடித்து, அடுத்த இதழிலிருந்து பேச்சித்தாய் தூறலில் பத்தி எழுதுவாள் என்று அறிவித்தார்.

"எனக்கு எழுத வராது அண்ணாச்சி."

செந்தரையில் அது யாரையும் தடுத்ததில்லை. எல்லாரும் கைதட்டினார்கள்.

அடுத்த இதழ் வெளிவந்தது. அதற்கடுத்த நாள் காலையில் ஆரோக்கியமேரி அலுவலக வாசலில் நின்றாள். உட்காரவில்லை.

"இந்த இதழ யாருமே படிக்கல சார்."

"பேச்சித்தாய்?"

"அவங்களும் படிக்கல. திறந்துகூடப் பாக்கல. இன்னைக்குச் சாயங்காலம் குமிழ்ல ராத்திரி விளக்குக்கு மாத்துற வரைக்கும் நேரம் இருக்கு. அதுக்கப்புறம் என் கையில இல்ல. அவங்கள அப்படியே விடுங்கன்னு சொன்னேனே சார்!"

தாண்டவராயன் பூட்டறைக்கு ஓடினார். பேச்சித்தாய் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பொன்னாடை ஒரு மூலையில் மடித்து வைத்தபடியே கிடந்தது.

"என்னம்மா, இந்த வாரம் படிக்கலையாமே? உடம்புக்கு முடியலையா?"

அவள் சுவரிலிருந்து கண்ணை எடுத்து அவரைப் பார்த்தாள். "எம் பத்தி வந்திருக்காமே அண்ணாச்சி. படிச்சியளா?"

"படிக்காம இருப்பேனா? அபாரம்!"

"என்ன எழுதியிருந்தேன்?"

அவர் தொண்டையைக் கனைத்தார். "பூட்டறை வாழ்க்கையை ரொம்ப உணர்வுபூர்வமா..."

"பூட்டறையப் பத்தி ஒரு வார்த்த எழுதல." அவள் குரலில் கோபமில்லை, அதுதான் அவரைப் பயமுறுத்தியது. "எங்க வீட்டுக்காரரு புயல்ல போனாரு. தகடு தொடைக்குத மிசினு நின்னு போச்சுன்னு பாக்கப் போனவரு திரும்பி வரல. அன்னைக்குக் காலைல ஒண்ணுமில்லாத வெசயத்துக்கு அவரோட சண்ட போட்டேன். வெளிய போறப்ப அவரு திரும்பிப் பாத்தாரு, நான் மொகத்தத் திருப்பிக்கிட்டேன். கதவத் தொறந்து விட்டதும் நாந்தான். இத யார்ட்டயும் சொன்னதில்ல அண்ணாச்சி. எழுதச் சொன்னியளேன்னு எழுதினேன். இதழு வந்த மறுநிமிசம் ஊரே அபாரம்னு சொல்லுது. அவரு கூடப் பொறந்த தம்பி சொல்லுதான், அபாரம்னு. நீங்க சொல்லுதிய, அபாரம்னு."

தாண்டவராயனுக்கு வெட்கமாக இருந்தது. மேடையில் வருகிற அடக்கம் இல்லை, நிஜமான வெட்கம். ராசம்மா எப்படித் திரும்பி வந்தாள் என்று இவள் ஏன் அவ்வளவு கேட்டாள் என்பது இப்போதுதான் அவருக்கு உறைத்தது. மன்னிப்புக் கேட்க நினைத்தார். ஆனால் சாயங்காலத்துக்குள் இதழைக் காப்பாற்றியாக வேண்டும்.

"தப்புதாம்மா. பெரிய தப்பு. ஆனா நீ இந்த ஒரு இதழை மட்டும் படிச்சிட்டீன்னா..."

"மனசு வரல அண்ணாச்சி. நானும் இப்ப எழுதுத ஆளுதான? நீங்கள்லாம் படிக்காமத்தான இருக்கிய? நானும் இருந்துட்டுப் போறேன்."

அவர் தெருத்தெருவாகப் போய்க் கேட்டார். "படிச்சாச்சே, அபாரம்!" என்று கதவைத் திறப்பதற்கு முன்பே சொன்னார்கள். கண்ணால் படிக்கச் சொல்லி ஒரு கவிஞரின் காலில் விழாத குறையாகக் கெஞ்சினார். கவிஞர் அவரை உட்காரவைத்து, கண்ணால் படிப்பதைப் பற்றித் தான் எழுதிய கவிதையை வாசித்துக்காட்டினார்.

கடைசியில், ஊரில் இன்னொரு ஜோடிக் கண் மிச்சம் இருப்பது அவருக்கு நினைவு வந்தது. தன் கண்ணே இருக்கிறதே! அலுவலகத்துக்கு வந்து, கதவைச் சாத்தி, முன்வாசிப்பியை அணைத்துவிட்டு, தூறலின் முதல் பக்கத்தைத் திறந்தார்.

முதல் பக்கத்தில் அவருடைய படம் இருந்தது. அதை நன்றாகப் பார்த்தார். அதன் கீழே ஒரு தபேலா வித்வானைப் பற்றிய கட்டுரை. முதல் வரியைப் படித்தார். இரண்டாம் வரிக்கு வந்ததும் முதல் வரி மறந்துவிட்டது. கண் தானாக வழுக்கிக் கீழே ஓடி, தன் பெயர் எங்கேயாவது வருகிறதா என்று தேடியது. பார்வைமானி அதை ஒப்புக்கொள்ளவில்லை. மீண்டும் மேலே போனார். தபேலா வித்வான் எந்தத் தெருவில் பிறந்தார், எத்தனை மேடை ஏறினார், யார் யாரெல்லாம் அவரை அபாரம் என்றார்கள் என்று கட்டுரை நீண்டுகொண்டே போனது. இதையா வாராவாரம் வெளியிட்டோம் என்று ஆச்சரியப்பட்டார். பேச்சித்தாயின் பத்தி பின்பக்கத்தில் இருந்தது. நேரே அங்கே போய்விடலாம் என்று கை துடித்தது, ஆனால் நடுவில் இருக்கும் பக்கங்களைத் தாண்டினால் கணக்கில் சேராது. ஒழுங்காக வரிசைப்படி வரலாம் என்று அடுத்த பக்கத்தைத் திறந்தார். அது அவருடைய காவியம்தான். நாலு அடி படித்தார். கொட்டாவி வந்தது. காவியத்தைப் படித்துக்கொண்டே தூங்கிப்போனார்.

விழித்தபோது குமிழின் விளக்குகள் இரவுக்கு மாறியிருந்தன. திரையில் ஒன்றும் இல்லை.

வழிமொழியைப் பார்த்தார். "தூறல் போச்சா?"

"வழிமொழிகிறேன்."

அவர் வாய்விட்டு அழுதார். அழுது முடித்ததும் முன்வாசிப்பியை மறுபடி இயக்கி, ஊருக்கு விடைசொல்லாமல் போகக்கூடாது என்று உருக்கமான ஒரு செய்தி எழுதி எல்லாருக்கும் அனுப்பினார். தூறல் நின்றுவிட்டது, இனி வராது, குற்றம் தன்னுடையது, மன்னிக்க வேண்டும் என்று அதில் இருந்தது. சில நொடிகளில் ஊர் முழுவதிலும் இருந்து பதில் வந்தது. அபாரம் என்றார்கள்.

அந்த வாரம் முழுவதும் தாண்டவராயன் வெளியே தலைகாட்டவில்லை. பேச்சித்தாயின் பத்தியும் தூறலோடு சேர்ந்து நினைவுக்கிடங்கிலிருந்து அழிந்துவிட்டது. அவளிடமே போய், அதைத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்க வேண்டும் என்று ஒவ்வொரு காலையும் நினைத்தார். நினைத்ததோடு சரி.

இதழ் வெளியாகும் நாள் வந்தது. வெளியாவதற்கு இதழ் இல்லை. ஆனால் வழக்கமான நேரத்தில் அவருடைய காதுக்குள் பாராட்டு வந்ததைச் சொல்லும் கிணுகிணுப்பு கேட்டது. முதலில் நாட்டியக்காரர், பிறகு வீணைக்காரர், பிறகு தெருத்தெருவாக ஊர் முழுவதும். 'இந்த வாரத் தூறல் அபாரம்.' 'தலையங்கம் நெஞ்சைத் தொட்டது.' 'காவியம் உச்சத்துக்குப் போய்விட்டது.' ஆண்டுக்கணக்காக அந்த நாளில் அந்த நேரத்தில் பாராட்டிப் பழகிய முன்வாசிப்பிகள், மற்றவை பாராட்டும்போது தங்கள் முதலாளி மட்டும் பின்தங்கக்கூடாது என்று ஒன்றையொன்று முந்திக்கொண்டன. இதழ் வந்ததா என்று எதுவும் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய தேவையும் அவற்றுக்கு இதுவரை வந்ததில்லை.

வாசல் கதவு படபடவென்று தட்டப்பட்டது. பேச்சித்தாய் மூச்சிரைக்க நின்றாள். பாராட்டுகளைப் படித்துக்காட்டும் பழைய கைத்திரை ஒன்று அவள் கையில் ஒளிர்ந்துகொண்டிருந்தது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று சொல்ல முடியவில்லை.

"இந்தக் கூத்தப் பாத்தியளா அண்ணாச்சி? இதழே இல்ல. நான் ஒரு வரி எழுதல. இந்த வாரப் பத்தி போன வாரத்தவிட உருக்கமா இருக்காம்! ஊருக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கா? நீங்களாவது போயி ஒரு வார்த்த கேளுங்க. இதழு நின்னு போச்சுன்னு ஒருத்தனுக்காவது தெரியுமான்னு கேளுங்க!"

தாண்டவராயன் வாசலுக்கு வந்தார். ஒரு வாரமாகச் சவரம் செய்யாத முகம். ஆனால் அந்த முகத்தில் பழைய தெம்பு மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது. அவர் ஒரு விரலை உயர்த்தி அவளைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு, காதுக்குள் வந்துகொண்டிருந்த கிணுகிணுப்பை எண்ணி முடித்தார்.

"போன இதழைவிட இந்த இதழுக்குக் கூடுதலா வந்திருக்கும்மா" என்றார்.